மஹய்யாவ வீதியில் தொடங்கும் நெடும்பயணம்: வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பச் சுற்றுலாவைத் திட்டமிடுதல்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வீதி மஹய்யாவ பகுதியூடாகவே செல்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இப்பகுதியின் பிள்ளைகள் நாள்தோறும் இவ்வீதியைக் கடந்தே பாடசாலைக்கும் தனியார் வகுப்புகளுக்கும் செல்கின்றனர். ஆயினும் தாம் கடக்கும் இவ்வீதிதான் ஏ-9 என்பதும், இதே வீதியில் 321 கிலோமீற்றர் சென்றால் யாழ்ப்பாண நகரை அடையலாம் என்பதும் அவர்களுள் பலர் எண்ணிப் பார்த்திராத செய்தியாகும்.

நீண்ட தூரக் குடும்பச் சுற்றுலா என்றதும் விமான நிலையமே இன்று பலரது நினைவுக்கு வருகின்றது. டுபாய், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது வசதி படைத்தோர் மத்தியில் வழக்கமாகிவிட்டது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், ஐந்து பேர் கொண்ட நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு வெளிநாட்டுப் பயணம் எட்டாத தூரத்துக்குச் சென்றுவிட்டது என்பதே உண்மை. பயணத்தின் பெறுமதி தூரத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. பிள்ளைகள் அறியாத நிலத்தை அவர்களுக்குக் காட்டுவதும், அவர்களே வழிநடத்திச் செல்ல இடமளிப்பதும்தான் ஒரு சுற்றுலாவை மறக்க முடியாத அனுபவமாக்குகின்றன. அத்தகைய பயணம் ஒன்று வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகின்றது.

பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையான பிள்ளைகளோடு மேற்கொள்ளும் பயணத்துக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. குடும்பத்தின் எல்லா உறுப்பினரும் ஒன்றாகச் செல்லும் இறுதிப் பயணமாகவும் அது அமைந்துவிடலாம். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கும், மற்றொருவர் கொழும்பில் தொழிலுக்கும், இன்னொருவர் வளைகுடா நாட்டுக்கும் சென்றுவிடுகின்றனர். இவ்வயதுப் பிள்ளைகளைச் சிறுவர்களைப் போல வாகனத்தில் ஏற்றிச் சென்று இறக்கிக் காட்டும் சுற்றுலாவில் அவர்களுக்கு ஈடுபாடு இராது. அவர்கள் கைத்தொலைபேசிக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பெற்றோர் அதனை மரியாதைக் குறைவு என எண்ணி வருந்துவார்கள். குறை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. திட்டத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லாமற் போனதே அதற்கு முதற் காரணமாகும்.

ஆகவே திட்டமிடலின் முதற்படி வாகனத்தை ஒழுங்கு செய்வதன்று; குடும்பமாக அமர்ந்து பேசுவதாகும். முஸ்லிம் குடும்பங்களில் மஷூறா எனப்படும் கலந்தாலோசனை மார்க்கம் வலியுறுத்திய ஒழுக்கமாகவே உள்ளது. இதற்கென மூன்று அமர்வுகளை ஒதுக்கலாம். முதலாவதில் எத்தனை நாட்கள், எவ்வளவு பணம் என்ற இரு எல்லைகளைப் பெற்றோர் வெளிப்படையாகக் கூற வேண்டும். இரண்டாவதில் பிள்ளைகள் தத்தமது விருப்பங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். மூன்றாவதில் பொறுப்புகள் பகிரப்பட வேண்டும். ஒருவருக்கு வழியும் நேரமும், மற்றொருவருக்குச் செலவுக் கணக்கு, இன்னொருவருக்குத் தங்குமிடமும் உணவும் எனப் பிரித்துக் கொடுத்தால், பயணம் தொடங்குமுன்னரே அது அவர்களுடையதாகிவிடும்.

செலவுக் கணக்கைப் பிள்ளையிடம் ஒப்படைக்கப் பலர் தயங்குவர். ஆனால் அது கடினமானதன்று. ஏ-9 வழியாக யாழ்ப்பாணம் சென்று, தீவுப் பகுதியைப் பார்த்து, மன்னார் வழியாகத் திரும்பும் சுற்று ஏறத்தாழ 900 கிலோமீற்றராகும். வாடகை வான் ஒன்று ஒரு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுமாயின் 90 லீற்றர் எரிபொருள் தேவை. அதனை அன்றைய விலையால் பெருக்கி, சாரதியின் நாட்கூலியையும் அவரது உணவு, தங்குமிடத்தையும் சேர்த்தால் போக்குவரத்துச் செலவு கிடைத்துவிடும். தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டி, மொத்தத்தில் பத்திலொரு பங்கை அவசரத் தேவைக்கென ஒதுக்கிவிட வேண்டும். குடும்ப வருமானம் எவ்வளவு, பணம் எங்கே செலவாகின்றது என்பதைப் பதினேழு வயதில் அறிந்துகொள்ளும் பிள்ளை பின்னாளில் பெற்றோரின் சிரமத்தையும் விளங்கிக்கொள்ளும்.

அடுத்தது காலத்தைத் தெரிவுசெய்தல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களே இதற்கு உகந்தவை. வடக்கில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை பெய்யும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பெருந்திருவிழா 25 நாட்கள் நடைபெறுவதால் யாழ்ப்பாணத்தில் அறைகள் கிடைப்பது அரிது. திருவிழாவைக் காண விரும்புவோர் பல வாரங்களுக்கு முன்னரே பதிவு செய்ய வேண்டும். முஸ்லிம் குடும்பங்கள் ரமழான் மாதத்தைத் தவிர்ப்பதோடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் எந்த ஊரில் இருப்பது என்பதையும் முற்கூட்டியே தீர்மானிப்பது நல்லது. ஏனைய நாட்களில் பயணிக்கு மார்க்கம் அனுமதித்துள்ள ஜம்உ, கஸ்ர் சலுகைகள் உள்ளன.

இனி வழியைப் பார்ப்போம். ஒரே மூச்சில் யாழ்ப்பாணம் சென்றுவிட வேண்டும் என்ற அவசரம் பயணத்தைக் கெடுத்துவிடும். ஆறு நாட்கள் கிடைக்குமாயின் முதல் நாளை மாத்தளைக்கும் மிஹிந்தலைக்கும் இடையில் செலவிடலாம். அக்குறணையையும் மாத்தளை நகரையும் கடந்ததும் அளுவிஹாரை வரும். கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்த திரிபிடகம் எழுத்தில் பொறிக்கப்பட்ட இடம் அது. அதற்கு அப்பால் நாலந்தாவில் பல்லவர் கட்டடக்கலையின் சாயலைக் கொண்ட கற்கோயில் ஒன்று உள்ளது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அதனைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து, உயரமான இடத்தில் மீள அடுக்கினார்கள். பௌத்தமும் தென்னிந்தியக் கலையும் கலந்து நிற்கும் அக்கட்டடம் எந்தப் பாடநூலையும் விடத் தெளிவாக இந்நாட்டின் வரலாற்றைச் சொல்லும்.

இரண்டாம் நாள் விடியலில் மிஹிந்தலையின் 1,840 படிகளை ஏறுவது இளையோருக்கு உற்சாகமளிக்கும். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். பின்னர் மதவாச்சி, வவுனியா வழியாக வடக்கே செல்லலாம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வாகனங்கள் நின்று தேங்காய் உடைத்துச் செல்வதும், கோயிலடியில் கச்சான் வாங்குவதும் நீண்டகால வழக்கமாகும். ஆனையிறவைக் கடந்து, இருள் சூழுமுன் யாழ்ப்பாணத்தை அடைந்துவிட வேண்டும். வன்னிப் பகுதி வீதிகளில் இரவில் மாடுகள் படுத்திருப்பதால் இரவுப் பயணம் ஆபத்தானது.

இவ்விரண்டாம் நாளே பெற்றோருக்குக் கடினமான நாளாக அமையும். இன்று உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளைகள் போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஏ-9 ஒரு நல்ல வீதி, அவ்வளவே. ஆனால் 1990இல் இவ்வீதி மூடப்பட்டதையும், கிளாலிக் கடல்நீரேரியில் இரவு வேளைகளில் படகேறி மக்கள் உயிரைக் கையில் பிடித்தபடி கடந்ததையும், 2002 போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்ட வீதி 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டதையும் பெற்றோர் அறிவார்கள். ஓமந்தையில் இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, வரிசையில் நின்றவர்களும் நம்மிடையே உள்ளனர். அச்சோதனைச் சாவடி 2015ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டது.

முஸ்லிம் பெற்றோருக்கும் இவ்வீதியில் சொல்வதற்கு ஒரு கதை உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000இற்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. அவர்களுள் பெருந்தொகையானோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவுக்கும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பகுதிக்கும் சென்று பார்த்தால், மீண்டு வந்தவர்களையும் மீளாத வீடுகளையும் பிள்ளைகள் நேரில் காண்பார்கள். தமிழ்ப் பிள்ளை சோனகத் தெருவையும், முஸ்லிம் பிள்ளை 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ். பொது நூலகத்தையும் பார்க்க வேண்டும். தன் சமூகத்தின் இழப்பை மட்டும் அறிந்த பிள்ளை பாதி வரலாற்றையே அறிந்ததாகும்.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அப்போது பேச்சை மாற்றுவதும், ஒரு சாராரை மட்டும் குற்றஞ்சாட்டி முடித்துவிடுவதும் தவறு. ஆனையிறவில் வீதியோரம் நிற்கும் போர்க்கால புல்டோசரைக் கண்டு படமெடுக்கும் பிள்ளைக்கு, அவ்விடத்தில் இரு தரப்பிலும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளே மாண்டனர் என்பதைச் சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தவாறு கூறி, தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் பெற்றோரிடமே இவ்வயதினர் நம்பிக்கை வைப்பர்.

மூன்றாம் நாளைக் கடலுக்கு ஒதுக்கலாம். பண்ணையைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால் அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரப் பயணம். கட்டாக்காலிக் குதிரைகளும், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரமும், முருகைக்கல் மதில்களும் இலங்கையின் வேறெந்தப் பகுதியிலும் ஒருசேரக் காணக்கிடைக்காதவை. மலைநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுவே உண்மையான சாகசப் பயணமாக இருக்கும். ஆயினும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகிலோ, அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய படகிலோ ஏறக் கூடாது. காற்று மிகுந்தால் சேவை நிறுத்தப்படும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் நாளில், வயது வந்த பிள்ளைகளை இரண்டு மூன்று மணி நேரம் தாமாக நகரைச் சுற்றிவர விடலாம். சந்திக்கும் இடம், நேரம், கையிலுள்ள பணம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கப்பட்டிருந்தால் போதுமானது. கோட்டையையும் சந்தையையும் தாமே கண்டு, பேரம் பேசி எதையேனும் வாங்கி வரும் பிள்ளையிடம் தன்னம்பிக்கை வளரும். பெண் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பை மறுப்பது நியாயமன்று. இருவர் அல்லது மூவராகப் பகல் வேளையில் சென்றுவரச் செய்யலாம்.

பாதுகாப்பு விடயத்தில் சிலவற்றை வலியுறுத்தியே ஆக வேண்டும். முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முழுமை பெறவில்லை. எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களில் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்கக் கூடாது. கைவிடப்பட்ட வீடுகளுக்குள்ளும் நுழையக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் கடுமையாகப் பாதித்தது. மழைக்காலத்தில் புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் விசாரிப்பதும், இலவச அம்பியூலன்ஸ் சேவையான சுவசெரியவின் 1990 என்ற இலக்கத்தை எல்லோரும் அறிந்திருப்பதும் அவசியம்.

இறுதி இரு நாட்கள் திரும்பும் வழிக்குரியவை. வந்த வழியே திரும்பாது, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லலாம். பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின்னர் இவ்வழி இலகுவாகிவிட்டது. மன்னாரில் ஓரிரவு தங்கி, தலைமன்னார் இறங்குதுறையைப் பார்த்துவிட்டு, மதவாச்சி ஊடாக மீண்டும் ஏ-9 வீதியில் ஏறலாம்.

மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வழி சாதாரணமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை நடந்தே வந்தனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மடிந்தோர் ஏராளம். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. பதினாறு நாட்கள் நடந்த தூரத்தை இன்று ஒரு பகலில் வாகனத்தில் கடக்கிறோம். மஹய்யாவவில் கண்டி நகரின் தூய்மைக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தம் முன்னோர் நடந்த பாதையைக் காட்டுவதை விடச் சிறந்த சுற்றுலா எது?

வான் வாடகைக்குப் பிடிக்க இயலாதவர்கள் இப்பயணத்தை பஸ் வண்டியிலும் மேற்கொள்ளலாம். நாட்கள் சற்றுக் கூடும். செலவு வெகுவாகக் குறையும். எதில் சென்றாலும், மாலைதோறும் அன்றைய செலவையும் அன்று கண்டதையும் பிள்ளைகளுள் ஒருவர் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

பிள்ளைகள் நம்மை விட்டுப் பிரிந்து செல்லும் நாள் எல்லா வீட்டுக்கும் வரும். அவர்கள் எந்த நாட்டுக்குச் சென்றாலும், தம் வீட்டு வாசல் வீதி எங்கே போய் முடிகின்றது என்பதையும், அதில் யார் யார் நடந்தனர், யார் யார் விரட்டப்பட்டனர் என்பதையும் தாய் தந்தையரின் வாயால் கேட்டறிந்தவர்களாகச் செல்லட்டும். அதற்கு ஆறு நாட்கள் போதும். அடுத்த விடுமுறைக்கு முன் வீட்டில் எல்லோரும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து வரைபடத்தை விரித்துப் பார்ப்பார்களாக.