உங்களுக்குத் தெரியுமா? வளைவரை எண்ணும் குவாண்டம் கணிதம்!

இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். இப்போது எட்டுப் புள்ளிகளைக் கண்டபடி வையுங்கள். அத்தனையையும் தொட்டுக்கொண்டு, ஒரே ஓர் இடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் மூன்றாம் படி வளைவரைகள் எத்தனை? கலப்பெண்களையும் சேர்த்துக்கொண்டால் எப்போதும் 12!

நான்காம் படி, 11 புள்ளிகள், மூன்று சுயவெட்டுகள் என்றால்? 620! கணினியே இல்லாத 1873இல் டென்மார்க் கணிதர் ஸொய்தன் கையாலேயே போட்ட கணக்கு இது!

ஐந்தாம் படிக்கு 87,304! எல்லாப் படிகளுக்கும் ஒரே சூத்திரம் 1994இல் வந்தது. தந்தவர்கள் கணிதர்கள் கொன்ட்செவிச்சும் மானினும். சூத்திரத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு'. மற்ற எண்களெல்லாம் தானாகக் கொட்டும். ஏழாம் படியில் 1,461 கோடியே 68 லட்சத்து 8 ஆயிரத்து 192!

அந்தச் சூத்திரம் ஒளிந்திருந்தது ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்குள்! பெயர் டபிள்யூ.டி.வி.வி. அதாவது விட்டன், டெய்க்ராஃப், வெர்லிண்டா, வெர்லிண்டா. கடைசி இருவரும் இரட்டையர்கள்!

சரி, இதில் குவாண்டம் எங்கே? தளத்தில் மூன்று கோடுகளைக் கண்டபடி வரைந்தால் ஒரே புள்ளியில் சந்திக்காது. அதனால், வடிவங்கள் வெட்டிக்கொள்வதையே பெருக்கலாக எழுதும் பழைய கோஹோமாலஜியில் கோடு × கோடு × கோடு = 0. குவாண்டம் கோஹோமாலஜியிலோ பூஜ்யம் எழுந்து போய்விடும். அந்த இடத்தில் 'க்யூ' என்ற புது மாறி வந்து உட்காரும்!

இந்தக் குவாண்டம் பெருக்கலிலிருந்து ஒரு வகைக்கெழுச் சமன்பாடு பிறக்கும். சாதாரணக் கோளத்துக்கு அதை எழுதிப் பாருங்கள். வருவது பெசல் குடும்பத்துச் சமன்பாடு. மேளத் தோலின் அதிர்வைக் கணக்கிடுவதும் அதே குடும்பம்தான்!

தளத்தின் டபிள்யூ.டி.வி.வி. சமன்பாடு இன்னும் பிரமாதம்! அதிலிருந்து ஆறாம் பெயின்லெவே சமன்பாடு எட்டிப் பார்க்கும். யார் இந்தப் பெயின்லெவே? 1917இலும் 1925இலும் பிரான்ஸின் பிரதமர்! 1908இல் வில்பர் ரைட்டோடு விமானத்தில் பறந்தவரும் இவரே!

நீரலைக்கும் இந்தக் கணிதத்துக்கும் உறவு உண்டு! 1834இல் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் எடின்பரோ அருகே கால்வாயில் ஓடிய ஒற்றை அலையைக் குதிரையில் துரத்தினார். அந்த அலைக்குச் சமன்பாடு 1895இல் கிடைத்தது. வெறும் ஒரு புள்ளியின் குவாண்டம் கணக்கும் அதே சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படும் என்று 1991இல் ஊகித்தார் விட்டன். அடுத்த ஆண்டே நிரூபணம் அச்சேறியது. நிரூபித்தவர் அதே கொன்ட்செவிச்!

இயற்பியலாளர் விட்டனுக்குக் கணிதத்தின் உச்சமான ஃபீல்ட்ஸ் பதக்கம், 1990இல்! கணிதர் கொன்ட்செவிச்சுக்கு அடிப்படை இயற்பியல் பரிசு, 2012இல்! தொகை 30 லட்சம் டாலர்!

ஸ்டிரிங் கோட்பாட்டாளர்களின் செல்ல வடிவம், ஐந்தாம் படிச் சமன்பாட்டில் பிறக்கும் ஆறு பரிமாண வெளி. அதில் நேர்கோடுகள் 2,875. இரண்டாம் படி வளைவரைகள் 6,09,250!

மூன்றாம் படிக்கு 1991இல் பெரிய போட்டி! நார்வேக் கணிதர்கள் இருவரின் கணினி சொன்னது 268 கோடியே 25 லட்சத்து 49 ஆயிரத்து 425. எதிரே நின்ற இயற்பியலாளர் கண்டெலாஸின் குழு வளைவரை எதையும் எண்ணவே இல்லை. நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்தது, அவ்வளவுதான். விடை 31 கோடியே 72 லட்சத்து 6 ஆயிரத்து 375. ஜெயித்தது சமன்பாடு! நிரலில் பிழை இருந்ததை நார்வேக்காரர்களே கண்டுபிடித்தார்கள்!

அதே சமன்பாட்டின் தீர்வைக் கொஞ்சம் நீட்டினால் நான்காம் படிக்கும் விடை தயார். 24,246 கோடியே 75 லட்சத்து 30 ஆயிரம்!