பொட்டைக்குட்டிக்கும் ஒரு வாசல்

ஆலங்குடிப் பக்கம் கடலைக்கொல்லைக்கும் பலாத்தோப்புக்கும் நாய்தான் காவல். ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் கடுவன் நாயைத்தான் விரும்பி வளர்த்தார்கள். நாய் ஈன்றால் ஆண்குட்டிகளைக் கேட்டு ஆள் வரும். பொட்டைக்குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊர் எல்லையில் இறக்கிவிடுவார்கள். பால்குடி மறக்காத குட்டிகள் பசியிலும் லாரிச் சக்கரத்திலும் செத்துப்போகும். தப்பிப் பிழைத்தது மறுவருடமே தெருவில் ஈன்றுவிடும். தெருநாய் பெருகிவிட்டது என்று பிறகு புலம்பியதும் நாம்தான்.

பெருகியதைக் குறைக்க அரசுக்குத் தெரிந்த வழியும் கொலைதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்ற சென்னை மாநகராட்சி, 1996 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொன்றது. அப்படியும் குறையவில்லை. காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்தது. மிஞ்சியவை ஈன்று நிரப்பின. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போதும், கொல்ல வேண்டாம் என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா 1964 முதல் மன்றாடினார். மாநகராட்சி இசைய 32 ஆண்டுகள் ஆயின. 2001-ல் அந்த முறை நாடு முழுவதற்கும் விதியானது. 2023-ல் வந்த புதிய விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டு நாய்க்கு வளர்ப்பவரே பொறுப்பு.

‘நாய்க்குமா குடும்பக் கட்டுப்பாடு?’ என்று சிரித்த காலம் மலையேறிவிட்டது. பொட்டைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் புண் ஆறிவிடும். அதன்பின் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்து அநேகமாக இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மடிக்கட்டி வருவதும் மிக அரிது. கடுவனுக்கு விதையை எடுத்துவிட்டால் விதைப்புற்று வராது. பொட்டையைத் தேடிச் சாலை தாண்டி ஓடுவதும், கடிபட்டுத் திரும்புவதும் குறையும்.

கருத்தடை செய்தால் காவல் போய்விடும் என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அது வீண்பயம். அந்நியர் வந்தால் குரைக்கும் குணம் விதையில் இல்லை. உடம்பு போடும் என்பது உண்மை; சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

எனக்கு இதில் பெரிய நன்மையாகப் படுவது வேறு. இனி ஈனாது என்றால் பொட்டைக்குட்டியைத் தள்ளிவிடக் காரணமே இல்லை. அதுவும் ஒரு வீட்டில் காவல் நாயாக வாழலாம். உங்கள் வீட்டுக் குட்டிக்கு ஆறு மாதம் நெருங்குகிறதா? இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் நாள் கேளுங்கள்.