தேவியின் கால்களும் அவளுடைய தோழியரும்

பதின்வயதுப் பெண்களின் நட்பைப் பற்றிய ஒரு நகைச்சுவைத் தொடரைக் குறித்து மருத்துவமனை மடலில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அத்தொடரின் கதைத்தலைவிக்கு வரும் நோய், நரம்பியல் மருத்துவர்களாகிய எங்களுக்கு நன்கு பழக்கமானது. தொடரைப் பார்த்தவர்கள் அவளைப் பற்றிச் சொல்லும் அதே கருத்துகளை, அந்நோயுடன் எங்களிடம் வரும் மாணவிகளைப் பற்றி அவர்தம் குடும்பத்தாரும் சொல்லக் கேட்கிறோம். எழுதத் துணிந்தது அதனால்தான்.

தொடரின் பெயர் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. மிண்டி காலிங், லாங் ஃபிஷர் ஆகிய இருவரும் உருவாக்கிய இது, 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி, நான்கு பருவங்களில் 40 பகுதிகளாக வெளிவந்து, 2023 ஜூனில் நிறைவுற்றது. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்து மாணவி தேவி விஸ்வகுமாராக நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். இலங்கையிலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகள். ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

பள்ளி இசை நிகழ்ச்சியில் தேவி யாழ் போன்ற ஹார்ப் கருவியை வாசித்துக்கொண்டிருக்கையில், அவையில் அமர்ந்திருந்த தந்தை மாரடைப்பால் சாய்ந்து இறந்துபோகிறார். அதன்பின் அவளுடைய கால்கள் செயலிழக்கின்றன. மூன்று மாதங்கள் சக்கர நாற்காலி. பிறகு ஒருநாள், தான் விரும்பும் மாணவனை நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து நின்றுவிடுகிறாள். எஞ்சிய கதை பெரும்பாலும் சிரிப்புத்தான்: தேவியும் ஃபேபியோலா, எலனோர் என்னும் இரு தோழியரும் பள்ளியில் படும் பாடு, சண்டை, சமாதானம்.

இளையராஜா பிறந்த ஊராகப் பலரும் அறிந்த பண்ணைப்புரத்திலிருந்தும், அண்டை ஊர்களான கோம்பை, தேவாரத்திலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களில் இதைக் கைப்பேசியில் பார்த்த மாணவிகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி. அவர்களுக்குத் தேவி பிடித்திருக்கிறது. ஆனால் அவள்மீது கோபமும் இருக்கிறது. ஃபேபியோலா தன் வாழ்வின் மிகப் பெரிய இரகசியத்தைச் சொல்ல வருகையில் தேவி செவிகொடுப்பதில்லை. எலனோர் தன் தாயைப் பற்றி மனமுடைந்திருக்கையிலும் அவள் கவனம் வேறெங்கோ இருக்கிறது. “இப்படி ஒரு தோழி இருந்தால் நான் பேசவே மாட்டேன்” என்றாள் ஒரு மாணவி. தாய்மாரின் குறை வேறு: தாயிடம் தேவி பேசும் பேச்சும், ஆண் நண்பர்களைப் பற்றிய ஓயாத உரையாடலும். அக்குறையில் நியாயம் உண்டு. காதலும் உடலும் வெளிப்படையாகப் பேசப்படும் இத்தொடர் சிறுவர்களுக்கு உரியதன்று. தமிழ்க் குடும்பம் என்று சொல்லிவிட்டு வீட்டில் தமிழே அரிதாக ஒலிக்கிறது என்பது இன்னொரு குறை. அதையும் மறுப்பதற்கில்லை.

எங்களை நிறுத்தியது வேறொரு கருத்து. கால் செயலிழந்தது நடிப்பு என்பதே அது. “நாளும் பொழுதும் நடக்க முடியாதவள் ஒரு பையனைப் பார்த்ததும் எப்படி எழுந்தாள்? அப்படியானால் முன்பு கிடந்ததெல்லாம் பாசாங்குதானே?” பெரியவர்கள் மட்டுமல்லர், மாணவிகளும் இவ்வாறே கேட்டனர்.

பாசாங்கு அன்று. இதற்குச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று பெயர். முற்காலத்தில் ஹிஸ்டீரியா என்றனர். அச்சொல்லை நாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. மூளை, முதுகுத்தண்டு, நரம்பு ஆகியவற்றின் கட்டமைப்பில் சிதைவு இல்லை; ஆனால் அசைவுக்கான கட்டளை மூளையில் உருவாகிச் செல்லும் முறை தடுமாறிவிடுகிறது. நோயாளி விரும்பிச் செய்வதன்று. விரும்பி நிறுத்தவும் இயலாது. பெருந்துயருக்குப் பின் வரலாம், காய்ச்சலுக்கோ சிறு காயத்துக்கோ பின்னரும் வரலாம். எல்லாருக்கும் பின்னணியில் ஒரு துயரக்கதை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆகவே அதைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

இதை எவ்வாறு கண்டறிகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது, ஆகவே மனநோய் என்று கைகழுவுவது முறையன்று. இந்நோய்க்கென்றே தனி அடையாளங்கள் உண்டு. படுத்திருக்கும் மாணவியிடம், செயலிழந்த காலின் குதிகாலைப் படுக்கையில் அழுத்தச் சொன்னால் வலுவே இராது. அடுத்து, நல்ல காலைத் தூக்கச் சொல்லி அதைக் கையால் தடுத்தால், செயலிழந்த கால் தன்னையறியாமலே படுக்கையை வலுவாக அழுத்தும். ஹூவர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1908இல் விவரித்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டா. இதை மாணவிக்கும் பெற்றோருக்கும் நாங்கள் காட்டியே விளக்குகிறோம். வலு உள்ளே இருக்கிறது, வழிதான் மறந்திருக்கிறது என்று கண்ணால் கண்டவர்கள் பிறகு நடிப்பு என்று சொல்வது குறைவு.

எச்சரிக்கை ஒன்று. கால்கள் திடீரெனத் தளர்ந்தால் இது தொடரில் வந்த நோய்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்யலாகாது. முதுகுத்தண்டு அழற்சி, கில்லன்-பாரே நோய், இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு போன்றவையும் அவ்வாறே தொடங்கும். சிறுநீர் பிரியாமை, மூச்சுத்திணறல், விழுங்க இயலாமை இவற்றுள் ஒன்று சேர்ந்திருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவேண்டும்.

தேவி எழுந்து நின்ற காட்சிக்கு வருவோம். கவனம் காலைவிட்டு வேறொன்றின்மேல் செல்லும்போது அசைவு திரும்புவது இந்நோயின் இயல்பு. அந்த அளவில் காட்சி பொய்யன்று. ஆனால் ஒரே கணத்தில் முற்றிலும் குணமாவதை நோயாளிகள் எதிர்பார்க்கலாகாது. ஒரு சிலருக்கு அவ்வாறு நேரும். பெரும்பாலோருக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். நடுவில் பின்னடைவும் வரும். இயன்முறைச் சிகிச்சையில் நாங்கள் செய்வதும் கவனத்தைத் திருப்புவதுதான். பின்னோக்கி நடக்கச் சொல்வோம். பேசிக்கொண்டே நடக்கச் சொல்வோம். பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைக்கச் சொல்வோம். இப்பகுதியில் யாருடைய பாட்டு என்று கேட்கும் தேவை எழுவதில்லை.

தோழியர் இங்கேதான் வருகின்றனர். பேசிக்கொண்டே நடப்பதற்கு மருத்துவரைவிடவும் தாயைவிடவும் தோழி பொருத்தமானவள். தாய் பேசும்போது அவர் கண் மகளின் காலிலேயே இருக்கும். மகளின் கவனமும் அங்கேயே போய்விடும். தோழியோ வகுப்பில் நேற்று நடந்ததைச் சொல்வாள், இருவரும் சிரிப்பர், கால் நாலடி கூடுதலாக நடந்திருக்கும்.

ஆயினும் நம் குடும்பங்கள் முதலில் நிறுத்துவது தோழியரின் வரவைத்தான். “வெளியே தெரிந்தால் நாளை கல்யாணப் பேச்சு வரும்போது தடையாகும்” என்பர். மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவர். கேட்டால் டைபாய்டு என்று சொல்லச் சொல்வர். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகளானால், பகல் முழுவதும் பாட்டியும் சுவரும்தான். நோயைவிடத் தனிமை அவளை மேலும் முடக்குவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

பெற்றோரின் அச்சம் வெற்று அச்சம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதே தொடரின் இரண்டாம் பருவத்தில் அனீசா என்னும் மாணவி வருகிறாள். உணவைத் தவிர்க்கும் நோயால் அவதியுற்று, பழைய பள்ளியை விட்டுவிட்டு வந்தவள். தேவி யோசியாமல் உதிர்த்த ஒரு சொல் வதந்தியாகப் பள்ளி முழுதும் பரவி அப்பெண்ணைச் சுடுகிறது. மாணவிகளிடம் கேட்டால் தொடரிலேயே அதிகம் வலித்த இடம் இதுதான் என்கின்றனர். எனவே எல்லாரிடமும் சொல்லுங்கள் என்பது எங்கள் ஆலோசனையன்று. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நோயுற்ற மகளே முடிவு செய்யட்டும். ஒருத்தி போதும். “கால் நரம்புக் கட்டளை தடுமாறியிருக்கிறது, பயிற்சியால் சரியாகிக்கொண்டிருக்கிறது” என்ற ஒற்றை வரியும் போதும். அந்தத் தோழி தவறாகப் பேச நேர்ந்தால், உறவை உடனே வெட்டவேண்டியதில்லை. பதினாறு வயதில் நாவடக்கம் இன்னும் கற்றுக்கொள்ளப்படும் பாடம்.

முழுதாகக் குணமான பின்பே பள்ளி என்று காத்திருப்பதும் வேண்டாம். அரைநாள் போதும், ஊன்றுகோலுடன் சென்றாலும் தாழ்வில்லை. ஆசிரியருக்கு வேண்டிய கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். துயரம் மிகுந்து உறக்கம் கெட்டாலோ, உயிர்மீது வெறுப்பு தோன்றினாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உள்நோயாளியாக இருக்கும் மாணவியைக் காணத் தோழி வர விரும்பினால், செவிலியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பார்வையாளர் நேரத்தைவிட இயன்முறைப் பயிற்சி நேரமே ஏற்றது. பள்ளி விட்டுச் சீருடையுடன் நேரே வந்தாலும் உள்ளே அனுமதிப்போம். பயிற்சிக் கூடத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு, ஆனால் உட்கார விடமாட்டோம்.