முதல் கேமிங் கம்ப்யூட்டர்: கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகப் பாருங்கள்

"கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" முதல் முறை கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நான் இதற்குத் தலைகீழான ஒரு வரிசையைச் சொல்வேன்: எதை மாற்றுவது கஷ்டமோ அதை முதலில் முடிவு பண்ணுங்க. கார்டை மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிஷமும் போதும். மதர்போர்டை மாற்றினால் எல்லாவற்றையும் கழற்றணும். பிராசசர், ராம் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியும் வரலாம்.

எங்கள் பக்கம் இந்த வரிசைக்கு மதிப்பு இன்னும் அதிகம். கள்ளக்குறிச்சியில் இருந்து சென்னை ரிச்சி தெரு 200 கிலோமீட்டருக்கு மேல். கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருப்பவர் முதலில் மலையை விட்டு இறங்கணும். பொருந்தாத பாகம் ஒன்று வந்துவிட்டால் திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். வீட்டில் இவ்வளவு பணம் திரும்பத் திரும்பக் கிடைக்காது. 2011ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிதான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அதில் கிராபிக்ஸை மாற்ற வழியில்லை. டெஸ்க்டாப்பில் வழி உண்டு, ஆனால் அது வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிற விஷயம்.

சாக்கெட்: எத்தனை வருஷம் ஓடும்?

பிராசசர் உட்காரும் சாக்கெட்தான் கம்ப்யூட்டரின் ஆயுசு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் 2017ல் வந்தது. 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்தான். ஐந்து வருஷப் பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் மட்டும் போட்டு அதை மாட்ட முடிந்தது.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நம்பக் கூடாது. இன்டெலின் எல்ஜிஏ 1151 நல்ல உதாரணம். 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் அதே பெயர், ஆனால் 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு தேவைப்பட்டது. அதனால் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசர் எந்த பயாஸ் பதிப்பில் இருந்து ஓடும் என்று பாருங்கள்.

இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 தலைமுறைகளோடு நின்றது. 2024ல் எல்ஜிஏ 1851 வந்தது. ஏஎம்டியின் ஏஎம்5, 2022ல் வந்தது. 2027க்குப் பிறகும் தொடரும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. புதிதாகக் கட்டுபவருக்கு என் ஓட்டு ஏஎம்5க்குத்தான். இதில் டிடிஆர்5 ராம் மட்டும் ஏறும். டிடிஆர்4க்குக் காடி வேறு இடத்தில் இருக்கும், மாட்டவே முடியாது.

கார்டு இல்லாமலே தொடங்கலாம்

பணத்தை இரண்டு தவணையாகப் போட விரும்புகிறவர்கள் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்கணும். ரைசன் 5 7600ல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. பெரிய கேம் ஓடாது. படிப்பு, படம், பழைய கேம் எல்லாம் ஓடும். ரைசன் 5 7500எஃப், இன்டெல் ஐ5 12400எஃப் மாதிரி 'எஃப்' போட்டவற்றில் அதுவும் இல்லை. கார்டு வரும் வரை மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும்.

'ஜி' போட்டவற்றில் உள் கிராபிக்ஸ் வலுவானது, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரைசன் 5 8600ஜி பின்னாளில் மாட்டும் கார்டுக்கு 8 பிசிஐஇ லேன்தான் தரும். 8500ஜி 4 மட்டும். 7600 முழுதாக 16 தரும். இன்றைக்கு மலிவாகத் தெரிவது நாளைய கார்டின் கையைக் கட்டிவிடும்.

எஸ்எம்பிஎஸ்: அடுத்த கார்டுக்குக் கணக்குப் போடுங்கள்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாதீர்கள். கணக்கு எளிது. 7600 அதிகபட்சம் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து சுமார் 50. மொத்தம் 253. இதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். இரண்டு வருஷம் கழித்து 200 வாட் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4070 மாதிரி ஒன்றை மாட்டினால் மொத்தம் 338. அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 650 வாட். ஆகவே முதல் நாளே 650 வாட், இரண்டு 8 பின் பிசிஐஇ இணைப்பு உள்ளதாக வாங்கிவிடுங்கள்.

கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் யுபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில் சேரும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். 253 வாட், எஸ்எம்பிஎஸ் வீணாக்குவது, மானிட்டர் எல்லாம் சேர்ந்து 320 பக்கம் வரும். ஃபைலைச் சேமித்து நிறுத்தும் அளவுக்குத் தாங்கும். பெரிய கார்டு வந்தால் 400ஐத் தாண்டும், யுபிஎஸ்ஸையும் மாற்றணும். மலையில் இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று முதலில் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவை

ராம் 8 ஜிபி இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். போர்டில் இரண்டே இடம் இருந்தால், 16 ஜிபி ஒன்றைப் போட்டு மற்றதைக் காலியாக விடலாம். பின்னால் இன்னொன்று சேர்க்க வழி இருக்கும். உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவர்கள் இரண்டாகவே போடுங்கள். கேபினெட் முன்பக்கம் கண்ணாடியாக இருப்பதை விட வலையாக இருப்பது நம் கோடைக்கு நல்லது. ஆனால் நெல், மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் தூசி வடிகட்டியை அடிக்கடி கழுவணும். கார்டின் நீளமும் கூலரின் உயரமும் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று மில்லிமீட்டரில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய மாடுலர் கேபிளைப் புதியதில் சொருகாதீர்கள். பின் வரிசை வேறாக இருந்தால் பாகம் புகைந்துவிடும்.

ஆக வாங்கும் வரிசை: சாக்கெட், போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ், ராம், எஸ்எஸ்டி, கேபினெட். கார்டு கடைசி. பணம் குறைந்தால் கார்டில் குறையுங்கள். அதைத்தான் பின்னால் சுலபமாக மாற்ற முடியும்.