வளைவின் ஆரம் காணும் முறை

கொல்கத்தாவில் குதிரை டிராம் முதன்முதல் 1873-இல் ஓடிற்று. மின்சார டிராம் 1902-இல் வந்தது. தெருத் திருப்பங்களில் அதன் தண்டவாளம் வட்டவில்லாக வளைக்கப்பட்டது. அவ்வட்டத்தின் மையம் ஏதேனுமொரு வீட்டினுள் விழக்கூடும். அங்குச் செல்லாமலே ஆரத்தைக் கணிக்கலாம்.

வளைந்த தண்டவாளத்தின் இரு புள்ளிகளுக்கிடையே 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை நாணாக இழுத்துப் பிடித்து, அதன் நடுவிலிருந்து தண்டவாளம் வரையுள்ள உயரத்தை அளத்தல் வேண்டும். அரைநாணின் வர்க்கத்தை உயரத்தின் இருமடங்கால் வகுத்து, உயரத்திற் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். உயரம் 50 செ.மீ. எனில் ஆரம் 25.25 மீட்டராகும்.

இன்று கணிப்பொறி வரைபடத்தில் மூன்று புள்ளிகளைக் குறித்தால் வில்லும் ஆரமும் நொடியில் தோன்றும். ஆயினும் உயரத்தை 1 செ.மீ. மிகுத்து அளந்திருந்தால் ஆரம் ஏறத்தாழ அரை மீட்டர் குறைந்துவிடும். அப்பிழையைக் கணிப்பொறி அறியாது. தண்டவாளத்தில் உராயும் சக்கரமே உணர்த்தும். நாணை நீட்டினால் உயரம் பெருகும். பிழையின் விளைவு சுருங்கும்.