நகலெடுக்கும் முன்னும் பின்னும்

மாணவர்களே, ஜொகூரில் உள்ள பெக்கான் நானாஸ் என்ற ஊர்ப் பெயருக்கு ‘அன்னாசிப் பட்டணம்’ என்று பொருள். அந்த ஊரில் ஓர் அன்னாசிக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கிடங்கில் உள்ள பழங்களை எண்ணுகிறார், 100 வருகிறது. அவர் லாரியை எண்ணப் போவதற்குள் 20 பழங்களைக் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். லாரியில் 20 என்று எழுதிக் கூட்டினால் 120! இருப்பதோ 100 பழங்கள்தான். ஏற்றுவதைச் சற்று நிறுத்திவிட்டு எண்ணியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

கணினியில் காப்புநகல் எடுக்கும்போதும் இதுவே நடக்கலாம். காப்புநகல் மென்பொருள் கோப்புகளை ஒவ்வொன்றாகத்தான் நகலெடுக்கும். கடையின் சரக்குக் கணக்கு ஒரு கோப்பிலும் பணக் கணக்கு வேறொரு கோப்பிலும் இருக்கின்றன. முதல் கோப்பை நகலெடுத்த பிறகு இணையம் வழியாக ஒரு விற்பனை நடந்தால், நகலில் பணம் வந்திருக்கும், சரக்கு குறைந்திருக்காது.

இதைத் தவிர்க்கவே ‘முன் ஸ்கிரிப்ட்’, ‘பின் ஸ்கிரிப்ட்’ என இரண்டை எழுதி வைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் என்பது கணினி வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை எழுதிய சிறு கோப்பு. முன் ஸ்கிரிப்ட் கணக்கு மென்பொருளை நிறுத்தி வைக்கும்; அல்லது தரவுத்தளம் ஒரே நொடியில் இருந்த நிலையைத் தனிக் கோப்பாக எழுதச் சொல்லும். அதன் பிறகே நகல் எடுக்கப்படும். பின் ஸ்கிரிப்ட் மென்பொருளை மீண்டும் இயக்கி, நகல் சரியாக வந்ததா என்று பார்க்கும்.

ஸ்கிரிப்ட் வென்றதா, தோற்றதா என்பது எப்படித் தெரியும்? வேலை முடிந்ததும் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி. வேறு எண் என்றால் தோல்வி என்பது வழக்கம். முன் ஸ்கிரிப்ட் தோற்றால் நகலெடுப்பதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நகலெடுப்பது தோற்றாலும் பின் ஸ்கிரிப்ட் கட்டாயம் ஓட வேண்டும். இல்லாவிட்டால், இரவில் நிறுத்திய மென்பொருள் காலையிலும் நின்றபடியே இருக்கும்!

எல்லாம் தானாக நடக்கிறது என்று கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் ‘கிட்லேப்’ நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் தரவு போயிற்று. காப்புநகலைத் தேடினால், அது இல்லை! தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுத்த கருவியோ 9.2 பதிப்பு. அதனால் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. அதை எச்சரித்த மின்னஞ்சல்களையும் அஞ்சல் சேவையகம் ஏற்காமல் தள்ளிவிட்டது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்த தரவு திரும்பவில்லை.

தோல்வியைச் சொல்ல ஏற்பாடு இருந்தும், அந்தச் செய்தி யாரையும் சென்றடையவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

உங்கள் பள்ளித் திட்டப்பணியைப் பென்டிரைவில் நகலெடுக்கும்போது நீங்களே இரண்டு ஸ்கிரிப்டுகளாகவும் இருங்கள். முதலில் கோப்பைச் சேமித்து மூடுங்கள். நகலெடுத்த பின், பென்டிரைவில் உள்ள கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.