சூரியக் கலங்களை வெப்பத்தினின்று காக்கும் தெறிப்புப் படைகள்

சிலிக்கன் சூரியக் கலத்துக்கு ஒளி எத்துணை இன்றியமையாததோ, அவ்வொளியால் விளையும் வெப்பம் அத்துணைத் தீங்கானது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயருந்தோறும் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்றாலும், அது தரும் வலு ஏறத்தாழ 0.4 சதவீதத்தாலும் குறைகின்றன. எனவே, 25 பாகையில் மதிப்பிடப்பட்ட கலம் 60 பாகையில் இயங்குமாயின், அதன் வலுவில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு இழக்கப்படும்.

இவ்வெப்பம் எவ்வாறு தோன்றுகின்றது? சிலிக்கனின் பட்டை இடைவெளி 1.12 இலத்திரன்வோல்ற்று ஆகும். ஆகவே, 1.1 மைக்கிரோமீற்றரிலும் நீண்ட அலைநீளமுடைய செந்நிறக்கீழ்க் கதிர்கள் மின்னைப் பிறப்பிக்கமாட்டா. சூரிய சத்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இத்தகையது. அதிலொரு பகுதி கலத்தின் பின்புற உலோகத்தில் உறிஞ்சப்பட்டு வீணே வெப்பமாகின்றது. இக்கதிர்களைக் கலத்தின் முகப்பிலேயே திருப்பிவிடுவது தெறிப்புப் படையின் பணியாகும்.

முறிவுச் சுட்டி உயர்ந்த தைத்தானியம் ஈரொட்சைட்டையும், அது தாழ்ந்த சிலிக்கன் ஈரொட்சைட்டையும் மாறிமாறிப் படிவித்து இப்படையை ஆக்கலாம். ஒவ்வொரு படலத்தின் ஒளியியல் தடிப்பும் விலக்கவேண்டிய அலைநீளத்தின் காற்பங்காக இருப்பின், படலந்தோறும் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். ஆயினும், கதிர் சரிவாக விழும்போது தெறிப்பு எல்லை குறுகிய அலைநீளங்களை நோக்கி நகர்வதால், பயன்தரும் ஒளியும் இழக்கப்படக்கூடும்.

விண்வெளியில் இப்பிரச்சினை கடுமையானது. அங்கே கலத்தைக் குளிர்விக்கக் காற்றில்லை. வெப்பம் கதிர்வீசலால் மாத்திரமே வெளியேறும். 2004 இல் ஏவப்பட்டு 2011 இல் புதன் கோளைச் சுற்றத் தொடங்கிய மெசெஞ்சர் விண்கலம், புவியிலுள்ளதினும் பதினொரு மடங்கு வரையான சூரிய ஒளியைத் தாங்கவேண்டியிருந்தது. அதன் சூரியத் தட்டுக்களின் மூன்றில் இரண்டு பங்கு பரப்பை ஆடிகளே நிரப்பின. எஞ்சிய பங்கிலேயே கலங்கள் இருந்தன. அத்துடன், தேவைக்கேற்பத் தட்டுக்கள் சூரியனிலிருந்து சரித்தும் வைக்கப்பட்டன.

புவியிலோ காற்றும் குளிர்விக்கத் துணைபுரிவதால் தெறிப்புப் படையின் நன்மை சிறியது. மேலும், கலத்தின் வெப்பத்தில் பெரும்பகுதி அது உறிஞ்சும் பயன்தரும் ஒளியின் மிகைச் சத்தியிலிருந்தே பிறக்கின்றது. அதனை எத்தெறிப்புப் படையும் தடுக்கவியலாது. பயன்தரும் ஒளியில் 2 சதவீதத்தை ஒரு படை மறைக்குமாயின், அவ்விழப்பை ஈடுசெய்யவே அது கலத்தை 5 பாகை குளிர்விக்கவேண்டும். ஆதலால், ஒரு படை எவ்வளவு வெப்பத்தை விலக்குகின்றது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு ஒளியை உள்ளே விடுகின்றது என்பதையும் கணித்த பின்னரே அதன் தகுதியைத் துணிதல் வேண்டும்.